குழந்தைத் துணியில் பூவேலை: கோளாறைப் பார்த்து நூலைத் திருத்துவது எப்படி

தங்கச்சி மகனுக்குப் பெயர் வைக்கிற அன்று போட்டுவிடுவதற்காக வெள்ளை மல்மல் துணியில் ஒரு ஜப்லா தைத்து, நெஞ்சுப் பக்கத்தில் சிவப்பு நூலால் அவன் பெயரைப் போட்டிருந்தேன். விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் நனைத்து உலர்த்தினால், பெயரைச் சுற்றி ரோஸ் நிறத்தில் ஒரு வட்டம். தையலில் ஒரு குறையும் இல்லை, நூல்தான் தவறு. அன்றிலிருந்து குழந்தைத் துணிக்கு நூல் எடுக்கும்போது எந்த நிறம் அழகாக இருக்கும் என்று நான் முதலில் யோசிப்பதில்லை. இதை யார், எப்படித் துவைப்பார்கள் என்றுதான் யோசிக்கிறேன். நம் வீடுகளில் குழந்தைத் துணியை ஆச்சி வெந்நீரில் ஊறவைத்து, சோப்புப் போட்டுக் கல்லில் கசக்கி, உச்சி வெயிலில் கொடியில் போடுவார். அந்த ஒரு வருடத்தைத் தாண்டி வந்த பிறகுதான் அது பீரோவுக்குள் போய் நினைவுப் பொருளாகிறது. கல்லையும் தாங்க வேண்டும், பீரோவையும் தாங்க வேண்டும்.

கீழே கோளாறு வாரியாக எழுதியிருக்கிறேன், உங்கள் துணியில் என்ன தெரிகிறதோ நேராக அந்த இடத்துக்குப் போகலாம். ஆனால் பிரிப்பதற்கு முன்னால் ஒரு தடவை படித்துவிடுங்கள். தையல் சரியில்லை என்று நினைத்துப் பிரித்துவிட்டு, மறுபடியும் அதே நூலில், அதே இழைக் கணக்கில் போட்டால் அதே கோளாறுதான் திரும்ப வரும்.

முதலில், கையில் இருப்பது என்ன நூல்?

கடையில் "எம்பிராய்டரி நூல்" என்று கேட்டால் மூன்று நான்கு வகையைக் காட்டுவார்கள். ஆறு இழை சேர்ந்த பருத்தி நூல் ஒன்று, சின்னக் கட்டாக, எட்டு மீட்டர் இருக்கும். ஆங்கரும் டிஎம்சியும் இந்த வகையில் எல்லோருக்கும் தெரிந்தவை. (டிஎம்சி 1746-இல், இன்றைக்குப் பிரான்ஸில் இருக்கிற முல்ஹவுஸ் ஊரில் தொடங்கியது. ஆங்கர் நம் ஊரில் கோட்ஸ் நிறுவனத்தின் நூல்; மதுரையில் பெரியவர்கள் ஹார்வி மில் என்பார்களே, அந்த மதுரா மில்ஸோடு சேர்ந்து மதுரா கோட்ஸ் ஆன அதே கோட்ஸ்.) அடுத்து பேர்ல் காட்டன், இது முறுக்கிய ஒற்றை நூல், இழை பிரிக்க வராது, 5, 8, 12 என்று எண் ஏற ஏற மெலியும். அப்புறம் "சில்க் த்ரெட்" என்ற பெயரில் பளபளவென்று ஒரு நூல், ஆரி வேலைக்கு நிறைய ஓடுவது. பெயரில்தான் பட்டு இருக்கிறது, பெரும்பாலும் அது ரேயான் அல்லது பாலியெஸ்டர். கடைசியாக ஜரிகை வகைகள்.

லேபிள் போய்விட்ட நூலை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். ஒரு சாண் நூலின் நுனியைப் பற்றவையுங்கள். உருகி, ஆறியதும் கெட்டியான மணி மாதிரி நின்றால் பாலியெஸ்டர் அல்லது நைலான். முடி கருகுகிற வாடை வந்தால் உண்மையான பட்டு. காகிதம் எரிகிற வாடையும் பொடிச் சாம்பலும் என்றால் பருத்தியாகவும் இருக்கலாம், ரேயானாகவும் இருக்கலாம், ஏனென்றால் இரண்டும் செடியின் செல்லுலோஸ்தான். இந்த இரண்டையும் பிரிக்கத் தண்ணீர் போதும். இன்னொரு துண்டின் நடுவில் மட்டும் விரலால் ஈரம் தொட்டு, இரண்டு பக்கமும் பிடித்து இழுங்கள். ஈரமான இடத்திலேயே பட்டென்று அறுந்தால் ரேயான், ஏனென்றால் நனைந்ததும் அதன் பலம் ஏறத்தாழ பாதியாகிவிடும். பருத்தி நனைந்தால் இன்னும் உறுதியாகும், அதனால் காய்ந்த பக்கத்தில்தான் அறும். தினமும் நனைகிற துணிக்கு எது வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை.

சாயம் துணியில் இறங்கிவிட்டது

துணி இன்னும் ஈரமாக இருக்கிறதா? அப்படியானால் காயவிடாதீர்கள், இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். குழாயைத் திறந்து ஓடுகிற பச்சைத் தண்ணீரில் பிடியுங்கள், பிறகு ஒரு பெரிய பேசின் நிறையத் தண்ணீரில் துணியை மடிக்காமல் விரித்துப் போட்டு, தண்ணீர் நிறம் மாற மாற ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் மாற்றிக்கொண்டே இருங்கள். சில நேரம் ஒரு ராத்திரி முழுக்க ஆகும். தண்ணீர் தெளிந்த பிறகும் பிழிய வேண்டாம், இரண்டு வெள்ளைத் துண்டுக்கு நடுவில் வைத்து அழுத்தி ஈரத்தை எடுத்து, தட்டையாகப் போட்டு உலர்த்துங்கள். கறை முழுக்கப் போகும்வரை இஸ்திரிப் பெட்டி கிட்டேயே வரக்கூடாது, சூடு பட்டால் சாயம் பிடித்துக்கொள்ளும்.

காய்ந்துபோய்விட்டது என்றால் வாய்ப்புக் குறைவு, ஆனாலும் இல்லாமல் இல்லை. மிதமான திரவ சோப்பு சில துளி விட்டுக் குளிர்ந்த தண்ணீரில் நீண்ட நேரம் ஊறவையுங்கள், தண்ணீரை மாற்றி மாற்றி. என் ஜப்லாவில் இரண்டாம் நாள்தான் ரோஸ் வட்டம் முக்கால்வாசி போனது. மீதி இருந்ததை மறைக்கச் சுற்றி இலையாகப் போட்டுவிட்டேன், புகைப்படத்தில் தெரியவில்லை, எனக்கு மட்டும் இன்னும் தெரிகிறது. ப்ளீச் மட்டும் ஊற்றாதீர்கள், நூலின் நிறமும் போகும், மல்மலும் நைந்துபோகும்.

கல்லுப்பு போடு, வினிகர் போடு என்று சொல்லாதவர்கள் இல்லை. அக்கறையாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் தைத்து முடித்த பருத்தி நூலில் இவை சாயத்தை நிறுத்துவதில்லை. பருத்திக்குச் சாயம் ஏற்றுகிற வேளையில் உப்புக்கு வேலை உண்டு. வினிகர் போன்ற புளிப்பு, கம்பளிக்கும் பட்டுக்கும் போடுகிற அமிலச் சாயங்களுக்கு உதவும். நூலில் ஒட்டாமல் மிச்சம் நிற்கிற சாயத்தை எடுக்க ஒரே வழி அதைத் தண்ணீரில் கழுவி வெளியேற்றுவதுதான்.

வராமல் தடுக்க: ஒரு முழம் நூலை வெந்நீரில் நனைத்து, வெள்ளைத் துணிக்குள் மடித்து, மேலே சூடான இஸ்திரிப் பெட்டியை அழுத்துங்கள். துணியில் கோடு விழுந்தால் அந்த நூல் குழந்தைத் துணிக்கு வேண்டாம். சிவப்பு, மெரூன், கருநீலம், கறுப்பு, கரும்பச்சை ஐந்தையும் நான் சோதிக்காமல் எடுப்பதே இல்லை, எந்த நிறுவனத்து நூலாக இருந்தாலும் சரி. கையால் சாயம் போட்ட பலவண்ண நூல்கள் கண்ணைப் பறிக்கும், அவற்றைச் சுவரில் மாட்டுகிற சட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் போட்டால் எழுத்தின் சுழி அடைத்துக்கொள்கிறது

தமிழில் பெயர் போடுகிறவர்கள் எல்லோருக்கும் வருகிற தொல்லை இது, இணையத்தில் கிடைக்கிற படங்களில் பதில் கிடைக்காது, அவை நேர்கோடு அதிகமுள்ள எழுத்துகளுக்காக எழுதப்பட்டவை. நம் எழுத்து சுழியால் ஆனது. "யாழினி" என்று போடுங்கள், ழியின் அடிச்சுழி ஒரு கடுகு அளவுதான் இருக்கும், அதில் மூன்று இழை நூல் போனால் நடுவில் இருக்க வேண்டிய வெள்ளை மறைந்து ஒரு கட்டியாகிவிடும். ண, ணை, இ, ஐ, ஞ எல்லாம் அப்படித்தான். தூரத்திலிருந்து பார்த்தால் எறும்பு மொய்த்த மாதிரி இருக்கும்.

இதற்கு என் கணக்கு இது. எழுத்து ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குக் கீழே என்றால் ஒற்றை இழை, பின் தையல், அதாவது பேக் ஸ்டிட்ச் மட்டும். ஒன்றிலிருந்து மூன்று சென்டிமீட்டர் வரை இரண்டு இழை, காம்புத் தையல், அதாவது ஸ்டெம் ஸ்டிட்ச். வளைவில் அது உடைந்து தெரியாது, கயிறு மாதிரி ஓடும். மூன்று சென்டிமீட்டருக்கு மேல் போனால்தான் மூன்று இழையோ சங்கிலித் தையலோ. ஒற்றைப் போர்வை, தொட்டில் விரிப்பு மாதிரி கனமான துணியில் பெரிய எழுத்தாகப் போடுவதற்குப் பேர்ல் காட்டன் 8 நன்றாக இருக்கும், அது ஏறத்தாழ இரண்டு மூன்று இழைப் பருமன், முறுக்கு இருப்பதால் துவைக்கத் துவைக்க வடிவம் குலையாது.

தையலின் நீளமும் பார்க்க வேண்டும். நேர்க்கோட்டில் மூன்று நான்கு மில்லிமீட்டர் போகலாம், சுழிக்குள் நுழைந்ததும் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டருக்குக் குறைத்துவிடுங்கள். நூல் சரியாக இருந்தும் சுழி கோணலாக, ஐங்கோணம் மாதிரி தெரிந்தால் காரணம் நீளத் தையல்தான், அதற்காக நூலை மாற்ற வேண்டாம்.

புள்ளி தனிக் கதை. மகிழன் என்பதில் கடைசிப் புள்ளி இல்லாவிட்டால் பெயர் வேறாகிவிடும், அதனால் புள்ளி விழுந்துவிடாத மாதிரி இருக்க வேண்டும். ஊசியில் நூலைச் சுற்றிப் போடுகிற பிரெஞ்சு முடிச்சு அழகு, இரண்டு இழையில் ஒரே ஒரு சுற்று போதும், இரண்டு மூன்று சுற்று சுற்றினால் எழுத்தைவிடப் புள்ளி பெரிதாகத் துருத்தும். ஆனால் கழுத்துத் துணி, கம்பளியின் ஓரம் மாதிரி குழந்தை வாயில் வைக்கிற இடத்தில் முடிச்சு வேண்டாம், கடித்து இழுத்துவிடும். அங்கே ஒரே இடத்தில் மூன்று நான்கு சின்ன நேர்த் தையலை நெருக்கமாகப் போட்டுப் புள்ளி ஆக்கிவிடுங்கள். புள்ளிக்கு மணி, சமிக்கி, முத்து எதுவும் கூடவே கூடாது. மூன்று வயதுவரை வாய்க்குள் போகிற எந்தச் சின்னப் பொருளும் மூச்சுக்குழலை அடைக்கும்.

நூல் சிக்கிக்கொண்டே இருக்கிறது, முடிச்சு விழுகிறது

ஊசியில் கோத்த நூல் ஒரு முழத்துக்கு மேல் இருக்கிறதா பாருங்கள். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை, சுமார் 45 சென்டிமீட்டர், நம் பூக்காரம்மா அளக்கிற அதே முழம்தான். அடிக்கடி கோக்க வேண்டியிருக்கிறதே என்று இரண்டு முழம் எடுத்தால் மிச்சமாவது ஒன்றுமில்லை, பிரிக்கவே நேரம் போகும்.

முழம் சரியாக இருந்தும் சிக்கினால் இழை பிரித்த விதத்தில் தவறு. ஆறு இழையையும் ஒரே நேரத்தில் மூன்று, மூன்றாகப் பிய்த்தால் நடுவில் முறுக்கேறிச் சிக்கும். ஒரு கையில் நுனியை லேசாகப் பிடித்துக்கொண்டு, ஒரே ஒரு இழையை மட்டும் நேராக மேலே உருவுங்கள், மற்ற ஐந்தும் கீழே சுருண்டு நின்று, தட்டினால் தானே நேராகிவிடும். இரண்டு இழை வேண்டுமென்றால் இரண்டு தடவை ஒற்றை ஒற்றையாக உருவி, பிறகு சேர்த்துக் கோத்துக்கொள்ளுங்கள். இப்படிச் செய்த இரண்டு இழை, பிரிக்காமல் எடுத்த இரண்டு இழையைவிட அகலமாகப் படுத்து, துணியை நன்றாக மூடும் என்பது கூடுதல் லாபம். பத்துப் பன்னிரண்டு தையலுக்கு ஒரு தடவை ஊசியைத் தொங்கவிடுங்கள், அது தானே சுற்றி முறுக்கைக் கழற்றிக்கொள்ளும்.

நூலுக்கு மெழுகு தடவுகிற பழக்கம் பொத்தான் தைக்கச் சரி. பூவேலையில், அதுவும் வெள்ளைத் துணியில், இஸ்திரி போடும்போது மெழுகு உருகித் துணியில் இறங்கும்.

தைக்கும்போதே நூல் பிசிறு அடிக்கிறது

நூலைக் குறை சொல்வதற்கு முன் ஊசியைப் பாருங்கள். ஊசிக் காது சின்னதாக இருந்தால் ஒவ்வொரு தையலிலும் நூல் உராய்ந்து, காதுக்கு அருகில் இருக்கிற பகுதி பஞ்சாகிவிடும். எம்பிராய்டரி ஊசியிலும் எண் ஏற ஏற மெலிசு: ஒற்றை இழைக்கு 9 அல்லது 10, இரண்டு இழைக்கு 8, மூன்று இழைக்கு 7 என்று நான் வைத்திருக்கிறேன். காது மாற்றியும் பிசிறினால், நூலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இரண்டு திசையிலும் உருவிப் பாருங்கள், ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் எதிர்ப்பக்கம் சற்றுச் சொரசொரப்பாகவும் படும். வழுவழுப்பாகப் போகிற திசையில் துணிக்குள் இழுபடும்படி கோத்துக்கொள்ளுங்கள்.

இதற்கும் அடங்கவில்லை என்றால் நூல் மட்டம்தான். நல்ல நூல் நீள இழைப் பருத்தியில் நூற்று, மெர்சரைஸ் செய்தது. 1850-இல் ஜான் மெர்சர் என்ற இங்கிலாந்துக்காரர் பருத்தியைக் காஸ்டிக் சோடாவில் நனைத்தால் அது பருத்து, உறுதியாகி, சாயத்தையும் நன்றாகப் பிடிக்கிறது என்று காப்புரிமை வாங்கினார். அப்போது பளபளப்பு வரவில்லை. நாற்பது வருடம் கழித்து ஹோரஸ் லோ என்பவர் நூலை இழுத்துப் பிடித்தபடி அதே வேலையைச் செய்தபோதுதான் இன்றைக்கு நாம் பார்க்கிற மினுமினுப்பு வந்தது. அதனால் லேபிளில் மெர்சரைஸ்டு பருத்தி என்று இருக்கிறதா பாருங்கள். நூறு நிறம் அடங்கிய மலிவு டப்பாக்களில் பல நேரம் எந்த நார் என்றே போட்டிருக்காது. பழகுவதற்கு அவை போதும், ஒரு பிள்ளைக்கு ஆயுசுக்கும் இருக்க வேண்டிய துணிக்கு வேண்டாம். பெயரும் நான்கு பூவும் போட ஒரு கட்டு நூலே தாராளம்: எட்டு மீட்டர், ஆறு இழை, ஆக 48 மீட்டர் ஒற்றை இழை, இரண்டு இழையாகக் கோத்தால் ஐம்பது தடவைக்கு மேல் ஊசி கோக்கலாம். இங்கே மிச்சம் பிடித்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

நான்கு துவையலில் பளபளப்பு போய், இழை இழையாக எழும்பிவிட்டது

மேலே சொன்ன ஈரச் சோதனையைச் செய்யுங்கள், ரேயானாகத்தான் இருக்கும். திருத்த வழியில்லை, பிரித்துவிட்டுப் பருத்தியில் போடுவதே நல்லது. துணியின் பின்பக்கத்திலிருந்து சின்னக் கத்தரியால் வெட்டி, முன்பக்கம் சாமணத்தால் உருவினால் மல்மலில் ஓட்டை விழாது.

உண்மையான பட்டு நூலும் இங்கே சரிப்படாது. பட்டு புரதம், காரமான துணி சோப்பு அதை அரிக்கும். வருடத்துக்கு ஒரு நாள் எடுத்துப் பார்க்கிற, துவைக்கவே போகாத பொருளுக்கு மட்டும் பட்டு போடுங்கள். ஜரிகையை நான் குழந்தையின் உடம்பில் படுகிற எதிலும் போடுவதில்லை, அது கீறும். வெள்ளிப் பூச்சுள்ளது காற்றுப் பட்டுக் கறுக்கவும் செய்யும். தாய்மாமன் சீர்த் தட்டில் வைக்கிற பட்டுப் பாவாடையில் ஜரிகை இருக்கத்தானே செய்கிறது என்று கேட்பீர்கள், அது ஒரு மணி நேரம் போட்டுக் கழற்றுவது. ஜப்லா அப்படி இல்லை.

பூவைச் சுற்றித் துணி சுருங்கி இழுத்துக்கொள்கிறது

துவைப்பதற்கு முன்பே சுருங்கியிருந்ததா, பின்புதானா? இந்த ஒரு கேள்வியில் பாதி தெரிந்துவிடும்.

முன்பே என்றால் நூல் துணிக்குக் கனம். மல்மல் காற்று மாதிரி நெய்த துணி, அதில் ஆறு இழையை இழுத்தால் நெசவே நகர்ந்துவிடும், ஊசி நுழைந்த இடம் கண் கண்ணாகத் தெரியும். மல்மலுக்கு ஒன்று அல்லது இரண்டு இழை, பாப்ளினுக்கு இரண்டு மூன்று, கெட்டியான டவல் துணிக்கு மூன்று நான்கு. பிரேமில் துணியை மத்தளம் மாதிரி இழுத்து மாட்டிவிட்டுத் தைத்தாலும் கழற்றியதும் சுருங்கும், லேசாகத் தளர்த்துங்கள்.

துவைத்த பிறகு என்றால் தவறு நூலில் இல்லை, துணியை முன்கூட்டியே நனைக்காததுதான். புதுப் பருத்தித் துணி சுருங்கும், மெர்சரைஸ் செய்த நூல் அந்த அளவு சுருங்காது, அந்த வித்தியாசம்தான் பூவைச் சுற்றி மடிப்பாக நிற்கிறது. வெட்டுவதற்கு முன் துணியை வெந்நீரில் ஒன்றுக்கு இரண்டு தடவை துவைத்து, இஸ்திரி போட்டு, அப்புறம் தொடங்குங்கள். ஏற்கெனவே சுருங்கியதை ஈரமாக்கி, கெட்டியான துண்டின் மேல் பூ கீழ்ப்பக்கம் பார்க்கும்படி வைத்து, பின்பக்கத்திலிருந்து இஸ்திரி போட்டால் ஓரளவு படியும். சாயம் போகாத நூல் என்று உறுதியான பிறகு மட்டும்.

வெள்ளைத் துணியில் முன்பக்கம் கறுப்பு நிழல்

எழுத்துக்கு எழுத்து நூலை அறுக்காமல் பின்பக்கமாகத் தாவியிருக்கிறீர்கள். மெல்லிய துணியில் ஒவ்வொரு எழுத்துக்கும் நூலை முடித்து, அறுத்து, புதிதாகத் தொடங்குங்கள். கறுப்பையே விட்டுவிட்டுச் சாம்பலோ காப்பிப் பொடி நிறமோ எடுத்தால் இன்னும் நல்லது. பச்சிளம் குழந்தையின் துணியில் கறுப்புக் கோடு அவ்வளவு அழுத்தமாகத் தேவையா என்று ஒரு தடவை யோசித்துப் பாருங்கள்.

போட்டுவிட்டால் குழந்தை சிணுங்குகிறது, தோல் சிவக்கிறது

துணியைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தை உங்கள் உதட்டில் தேய்த்துப் பாருங்கள். விரல் நுனி பழகிப்போய்க் காய்த்திருக்கும், உதடு பொய் சொல்லாது. எங்கே உறுத்துகிறது? முடிச்சா, நறுக்கிய நுனியா, நூலே கரடா? நைலான், பாலியெஸ்டர் நூலின் நறுக்கிய நுனி முள் மாதிரி நிற்கும், பருத்தி நுனி நாலு துவையலில் மெத்தென்றாகிவிடும். முடிச்சுப் போட்டுத் தொடங்காதீர்கள். கோடு போகிற வழியில் இரண்டு சின்னத் தையலை ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுத் தொடங்கி, முடிக்கும்போது பின்பக்கத் தையல்களுக்கு அடியில் இரண்டு சென்டிமீட்டராவது ஓட்டி அறுத்தால் போதும். எல்லாம் முடிந்த பிறகு, பழைய, நைந்த, மெத்தென்ற வேட்டித் துணியில் ஒரு துண்டை வெட்டிப் பின்பக்கத்தில் வைத்து, ஓரத்தை மடித்துத் தைத்துவிடுங்கள். நானே தைத்ததில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி யார் கண்ணிலும் படாத அந்த வேட்டித் துண்டுதான், சில நேரம் அது தாத்தாவின் வேட்டியாகவே இருக்கும்.

இதோடு சேர்த்து ஒன்று சொல்லியாக வேண்டும், இதை அழகுக்காகச் சொல்லவில்லை. கை உறை, கால் உறை, காலுறையோடு சேர்ந்த பேண்ட், இவற்றின் உள்பக்கத்தில் தொங்குகிற ஒரு நூல் குழந்தையின் விரலில் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டமே நின்றுவிடும். தலைமுடியாலும் இது நடக்கும், விரல் வீங்கி, நூல் சதைக்குள் புதைந்து வெளியே தெரியாமலே போகலாம். காரணம் தெரியாமல் குழந்தை விடாமல் அழுதால் கைவிரல், கால்விரல் ஒவ்வொன்றையும் பார்க்கச் சொல்லும் மருத்துவர்கள் இதைத்தான் தேடுகிறார்கள். அப்படிச் சுற்றியிருந்து எளிதாக எடுக்க வரவில்லை என்றால் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அதனால் கை உறைக்குள் பூவேலையே வேண்டாம் என்பது என் முடிவு. போட்டே ஆக வேண்டும் என்றால் மேல் துணியில் மட்டும் போட்டு, உள்ளே முழுசாக இன்னொரு அடுக்கு வைத்து மூடிவிடுங்கள். இதழை நூலால் நிரப்பி மூடுகிற சாட்டின் தையல் நீளமாக இருந்தாலும் இதே கணக்குத்தான். ஏழு எட்டு மில்லிமீட்டருக்கு மேல் நூல் துணியைத் தொடாமல் கிடந்தால் சின்ன விரல் அதில் மாட்டும், இதழை நடுவில் பிரித்து இரண்டு பாதியாகப் போடுங்கள்.

பாதியில் நூல் தீர்ந்து, புதுக் கட்டு வாங்கினால் நிறம் கொஞ்சம் மாறுகிறது

சாயத் தொகுதிக்குத் தொகுதி லேசாக மாறும், அதனால் தேவையானதை ஒரே நாளில் வாங்கிவிடுங்கள். நிறுவனம் மாறினால் எண்ணும் மாறும்: டிஎம்சியில் கறுப்பு 310, ஆங்கரில் 403. ஒப்பீட்டு அட்டவணை கிட்டத்தட்டதான் சொல்லும், பழைய நூலின் ஒரு துண்டைக் கையில் கொண்டுபோய், கடை வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், இரண்டு இழையில் ஒன்று பழசு, ஒன்று புதுசு என்று கோத்துக் கொஞ்ச தூரம் போட்டு, பிறகு முழுக்கப் புதுசுக்கு மாறுங்கள். மாறின இடம் தெரியாது.

வரைந்த கோடு திரும்ப வந்துவிட்டது

இது நூலின் தவறில்லை, பேனா. தண்ணீரில் போகும் நீலப் பேனாவின் கோட்டைக் கழுவாமல் இஸ்திரி போட்டால் அது நிலைத்துவிடும், முதலில் குளிர்ந்த தண்ணீர், அப்புறம்தான் சூடு. சூட்டில் மறைகிற பேனா கடுங்குளிரில் திரும்பத் தெரியும், பரிசு கனடாவுக்குப் பார்சலில் போகிறது என்றால் அதைத் தொடவே வேண்டாம்.

எடுத்து வைத்த துணி மஞ்சளித்து, நூலும் மங்கிவிட்டது

பால் கக்கியது, வியர்வை, கைப்பிசுக்கு, இவை வைக்கும்போது கண்ணுக்குத் தெரியாது, வருடங்கள் கழித்துப் பழுப்பாக மேலே வரும். ஆகவே கடைசித் துவையலை நீங்களே செய்யுங்கள், சோப்பு முழுக்கப் போகும்வரை அலசி, கஞ்சி போடாமல். கஞ்சி வெள்ளிப்பூச்சிக்குச் சாப்பாடு. பிளாஸ்டிக் கவர் வேண்டாம், ஈரம் உள்ளேயே நிற்கும், துவைத்துத் துவைத்து வெளுத்த பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை எடுத்து, மடிப்பை மாற்றி மடித்தால் நூல் அந்த இடத்தில் அறாது.

அந்துருண்டை போடாதீர்கள். அதில் இருக்கும் நாப்தலின், ஜி6பிடி என்ற என்சைம் குறைவாக உள்ள குழந்தைகளின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும், ரத்தச்சோகையும் கடுமையான மஞ்சள் காமாலையும் வரும். இந்தக் குறை இருப்பது பல வீடுகளில் முன்கூட்டித் தெரிந்திருக்காது. அண்ணன் போட்ட ஜப்லா தம்பிக்கு வரும்போது அந்த வாடையோடு வரக்கூடாது. நான் வசம்புத் துண்டு இரண்டைத் தனித் துணியில் முடிந்து பெட்டியின் ஒரு மூலையில் போடுகிறேன், துணியில் படாமல், குழந்தை கைக்கு எட்டாமல். பிள்ளை வளர்ப்பான் என்று அதற்குப் பெயரே இருக்கிறது.

சட்டம் போட்டு மாட்டுகிறவர்கள் ஜன்னல் வெயில் படாத சுவராகப் பாருங்கள், எந்தச் சாயமும் வெயிலுக்கு மெதுவாகத் தோற்கும்.

பரிசைக் கொடுக்கும்போது கூடவே ஒரு சின்ன அட்டையில் மிச்ச நூலில் இரண்டு முழம் சுற்றி, நிறுவனத்தின் பெயரையும் நிறத்தின் எண்ணையும் பென்சிலால் எழுதி, ஒரு 8-ஆம் எண் ஊசியையும் அதில் குத்தி, பெரியவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். எங்காவது ஒரு இழை அறுந்தால், அந்த வீட்டில் யாராவது அதே நிறத்தில் அன்றைக்கே தைத்துக்கொள்வார்கள்.